பெரிய மரம் போச்சு

ஆதியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த வார்த்தை மரம். நமக்கெல்லாம் மரம் என்றால் மரம். வேர் இருக்கும், இலை இருக்கும், ஆடு கடிக்கும். கடற்கரைக் குப்பங்களில் மரம் என்றால் கட்டுமரம். ‘மரம் வந்துச்சா’ என்று ஒருத்தி கேட்டால், அவள் புருஷன் கரை சேர்ந்தானா என்று கேட்கிறாள். என் வீட்டுக்காரர் நூர்முகமது திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் கருவாட்டு மண்டி வைத்திருந்தார். நான் கல்யாணமாகி வந்த புதிதில், புன்னங்குப்பத்தில் புதுசாக இரண்டு மரம் வாங்கியிருக்கிறார்கள் என்று அவர் சொன்னதைக் கேட்டு, மணலில் அது பிழைக்குமா என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து கண்ணை மூடும்வரை, ‘எங்க ஷாஜாதி கடலுக்குத் தண்ணி ஊத்தப் போனவ’ என்று என்னைக் கேலி பண்ணிக்கொண்டே இருந்தார்.

ஆதியம்மாள் அந்தப் புன்னங்குப்பத்துக்காரி. மகாபலிபுரத்துக்குத் தெற்கே, கால்வாயைத் தாண்டிப் போனால் கடலோரம் இருக்கிறது. வாரம் ஒருமுறை கருவாட்டுக் கூடையோடு வந்து மண்டியில் போட்டுவிட்டு, கொல்லைப்பக்கமாக என்னிடம் வருவாள். அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. எங்கள் கொல்லையில் அவள் ரகசியம் சொன்னால் கடைத்தெரு முழுக்கக் கேட்கும். பிள்ளை இல்லை. புருஷன் மாயவன்தான் அவளுக்குப் பிள்ளையும். ‘காலைல எயுந்ததுல இருந்து அது வேணும் இது வேணும்னுகினு கீறான் பாயம்மா, இன்னொரு புள்ள இன்னாத்துக்கு?’ என்று சொல்லிச் சிரிப்பாள். கருவாடு விற்றதும் நேராக வளையல்காரன் கடைக்குத்தான் போவாள். பச்சையும் சிவப்புமாய் முழங்கைவரை கண்ணாடி வளையல் போட்டிருப்பாள். அவள் வருவது வளையல் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

அந்தக் குப்பத்தில் உண்மையான மரம் ஒன்றும் இருந்தது. புன்னை. ஊரே அதன் பெயரில்தான் இருக்கிறது. அதற்கு எத்தனை வயசு என்று யாருக்கும் தெரியாது. மகாபலிபுரத்துப் பாறைகளைச் செதுக்கியவர்கள் அதன் நிழலில்தான் கஞ்சி குடித்தார்கள் என்று குப்பத்தில் சொல்வார்கள். நான் நம்பவில்லை, ஆனால் அவர்கள் ஊருக்குப் போனால் உயிரோடு திரும்ப எனக்கு ஆசை இருந்ததால் பேசாமல் இருந்தேன். அடிமரம் இரண்டாகப் பிரிந்து, ஒன்று நேராகவும் ஒன்று கடல் பக்கம் சாய்ந்தும் வளர்ந்து, மேலே இரண்டு பெரிய தலையாக விரிந்திருந்தது. அதனால் அதற்கு ரெட்டத்தலச்சி என்று பெயர். குப்பத்தில் யாரும் அதை மரம் என்று சொல்ல மாட்டார்கள். மரம் என்ற சொல்லைத்தான் கட்டுமரத்துக்குக் கொடுத்துவிட்டார்களே. அவளுடைய கொட்டையை ஆட்டி எண்ணெய் எடுத்து விளக்கேற்றினார்கள், மூட்டு வலிக்குத் தடவினார்கள். அந்த ஊரில் யாருக்குத் தாலி கட்டினாலும் அவளுக்கு முன்னால்தான் கட்ட வேண்டும்.

எல்லாவற்றையும்விட, கடலிலிருந்து வீடு திரும்பும் வழியை அவள்தான் காட்டினாள். குப்பத்துக்கு நேரே கடலுக்குள் பாறைகள் முங்கிக் கிடக்கின்றன. நடுவில் ஒரு மரம் நுழையும் அளவுக்கு ஒரே ஒரு சந்து. தூரத்தில் இருந்து பார்க்கும்போது ரெட்டத்தலச்சியின் இரண்டு தலையும் ஒன்றாகச் சேர்ந்து தெரிந்தால் சந்துக்கு நேராக வருகிறாய் என்று அர்த்தம். தலை பிரிந்து தெரிந்தால் பாறை. சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

மாயவனும் அவன் அண்ணன் காத்தவராயனும் சேர்ந்து ஒரு கட்டுமரம் வைத்திருந்தார்கள். குப்பத்திலேயே அதுதான் பெரிசு, நாலு பேர் ஏறுவது. அதனால் அதைப் ‘பெரிய மரம்’ என்றே சொல்வார்கள். வெளியூர்க்காரர்கள், வண்டிக்காரர்கள், பஸ்காரர்கள் எல்லாம் ரெட்டத்தலச்சியைத்தான் புன்னங்குப்பத்துப் பெரிய மரம் என்பார்கள். இந்த இரண்டு பெரிய மரமும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

ஆந்திரா பிரிந்த வருஷம், ஐப்பசி மாதம். ஆதியம்மாள் கூடையோடு வந்த அன்று சாயங்காலமே காற்று ஏறிவிட்டது. பஸ் நின்றுவிட்டது. எங்கள் கொல்லைக் கொட்டகையில் தங்கினாள். இரவெல்லாம் ஓடு பறந்தது. அவளுக்குத் தூக்கமே இல்லை. அவள் கிளம்பும்போது மாயவன் கடலில் இருந்தான்.

‘வந்திருப்பான். மானத்தப் பாத்தே கண்டுபுடிப்பான் பாயம்மா, எமகாதகன்’ என்று அவளே சொல்லிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, ‘வந்திருப்பான் இல்ல?’ என்று என்னைக் கேட்டாள்.

காலையில் மழை விட்டுவிட்டுப் பெய்தது. மலைக்கோயிலுக்குக் கழுகு வராது, அதைப் பார்க்க வரும் ஜனமும் வராது என்று என் வீட்டுக்காரர் கடையைத் திறக்காமல் பள்ளிவாசல் கூரையைப் பார்க்கப் போய்விட்டார். நான் ஆதியம்மாளுக்கு அம்மிப் பக்கத்தில் உட்கார வைத்து நாஸ்தா கொடுத்தேன். அப்போதுதான் தனகோடி வந்தான். எங்கள் சரக்கு வண்டிக்காரன். ஊர் வம்பு எல்லாம் அவன் வண்டியில்தான் ஏறி வரும்.

“பாய் இல்லியா பாயம்மா? வந்தா சொல்லு, இன்னிக்கி வண்டி கெழக்கால போவாது. கடலாண்ட ஒரே பேஜாராப் பூட்ச்சாம். புன்னங்குப்பத்துப் பெரிய மரம் போச்சாம்.”

ஆதியம்மாள் நிமிர்ந்தாள்.

“எந்த மரம்?”

“எந்த மரமா? உங்க ஊர்ல பெரிய மரம்னு எத்தினி கீது? ஒண்ணுதானே.”

“யாரு சொன்னது?”

“பஸ்காரன் சொன்னான். அலை ஏறி வந்து அப்டியே இழுத்துக்கினு போச்சாம். ஒரு துண்டு கெடைக்கலயாம்.”

“ஆளுங்க?”

“ஆளுங்க இன்னா பண்ணுவாங்க? கரையில நின்னுகினு மார்ல அடிச்சிக்கினு அழுவுறாங்களாம். ஊரே அழுவுதாம்.”

தனகோடி ஒரு பொய்யும் சொல்லவில்லை. மரத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போன பழைய ஷாஜாதியாக நான் இருந்திருந்தால், புன்னை மரமா என்று கேட்டிருப்பேன். நான் அதற்குள் குப்பத்துப் பேச்சை நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டேனே. எனக்கும் கட்டுமரம் என்றுதான் காதில் விழுந்தது.

ஆதியம்மாள் கத்தவில்லை. இரண்டு கையையும் தூக்கி அம்மிக்கல்லில் அடித்தாள். நான் ஓடிப் போவதற்குள் மறுபடி அடித்தாள். வளையலெல்லாம் தூளாகி, மணிக்கட்டில் குத்தி, அம்மியில் ரத்தம் வழிந்தது. மழைத் தண்ணீரை அள்ளி நெற்றியைத் துடைத்தாள். கழுத்துக்குக் கை போனபோது நான் பிடித்துக்கொண்டேன்.

“அதை மட்டும் விடு. ஊருக்குப் போ. மொகத்தப் பாத்துட்டுச் செய்.”

“மொகம் எங்க கெடைக்கும் பாயம்மா? துண்டு கெடைக்கலன்றானே” என்றாள். என் கையை உதறிவிட்டு, கூடையை, பணத்தை எல்லாம் போட்டுவிட்டு நடந்தாள். தனகோடி வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

அதற்குப் பிறகு நடந்ததை அவளே எனக்குச் சொன்னாள், ஒரு தடவை அல்ல, பல தடவை. ரோடு முழுக்கத் தண்ணீர். விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டிக் கால்வாய்க்கு வந்தாள். படகுக்காரன் அவள் வெறும் நெற்றியையும் கையில் இருந்த ரத்தத்தையும் பார்த்தான். துக்கத்தில் வருகிறவளிடம் கேள்வி கேட்கக் கூடாது, கூலி வாங்கக் கூடாது என்பது மரியாதை. அந்தப் புண்ணியவான் மரியாதையாகவே இருந்துவிட்டான். யார், என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவனே சொல்லியிருப்பான். மாயவன் உயிரோடு இருப்பது அவனுக்குத் தெரியும். நடுக் கால்வாயில் ஆதியம்மாள் தாலியைக் கழற்றித் தண்ணீரில் போட்டாள். கால்வாய்த் தண்ணீர் அன்றைக்குக் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. ‘அவன எட்துக்கினே இல்ல, இத்தயும் எட்துக்கோ’ என்று சொன்னாளாம்.

குப்பத்துக்குள் நுழைந்தபோது ஊரே ஓரிடத்தில் நின்றுகொண்டிருந்தது. பிணத்தைச் சுற்றி நிற்கிறார்கள் என்று நினைத்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனாள். அங்கே முறிந்த புன்னையின் அடிக்கட்டை இருந்தது. அதில் கை வைத்துக்கொண்டு மாயவன் அழுதுகொண்டிருந்தான். புயல் அடித்த அன்று சாயங்காலமே, இருட்டுவதற்குச் சற்று முன்னால், இரண்டு தலையையும் ஒன்றாகப் பிடித்து அவனும் அண்ணனும் கரை சேர்ந்திருந்தார்கள். ரெட்டத்தலச்சி கடைசியாக வீட்டுக்குக் கூட்டி வந்தது அவர்களைத்தான்.

மாயவன் திரும்பிப் பார்த்தான். நெற்றியைப் பார்த்தான், கையைப் பார்த்தான், கழுத்தைப் பார்த்தான்.

“இன்னாமே இது? யாரு பூட்டாங்க?”

அவள் மேலே பார்த்தாள். இரண்டு தலை இருந்த இடத்தில் வானம் இருந்தது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

“நீதான்யா” என்று சொல்லிவிட்டு அப்படியே மணலில் விழுந்தாள்.

இதைக் கேட்டு நான் முதலில் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது இரண்டு பேருக்கும் வேறு மாதிரி ஆகிவிட்டது.

குப்பத்தில் யாரும் சிரிக்கவில்லை. குப்பத்துத் தலைவரை நாட்டார் என்பார்கள். அவர் கூட்டம் போட்டார். உயிரோடு இருக்கிறவனுக்காகப் பெண்டாட்டி தாலி கழற்றிவிட்டாள். அதுவும் தண்ணீரில் போட்டுவிட்டாள். கடலுக்குக் கொடுத்த வாக்கு அது. இனி அவன் மரத்தில் ஏறினால் கடல் கேட்கும். கூட ஏறுகிறவனையும் சேர்த்துக் கேட்கும். பரிகாரம் ஒன்றுதான், திரும்பத் தாலி கட்டுவது. கட்டலாம்; ஆனால் யார் முன்னால் கட்டுவது? ரெட்டத்தலச்சி இல்லையே. அடிக்கட்டையில் உயிர் இருக்கிறதா என்று பார்ப்போம், தளிர் விட்டால் அதற்கு முன்னால் கட்டலாம், அதுவரை மாயவன் கடலில் கால் நனைக்கக் கூடாது என்று முடிவாயிற்று.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மார்க்கம் வேறு, ஊர் வேறு, எனக்கென்ன என்று இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. ‘ஒரு வண்டிக்காரன் வாய் தவறினதுக்கு ஒரு மனுஷனோட தொழிலையே பிடுங்குவாங்களா?’ என்று வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன். அவர், ‘நீ கரையில நிக்கிறே ஷாஜாதி. மூணு கட்டையக் கயித்தால கட்டி அதுமேல நின்னுக்கிட்டுப் போறவனுக்கு பயம் இருக்கும். அந்த பயத்துக்கு ஒரு சட்டம் வேணும்’ என்றார். எனக்கு அது சமாதானமாக இல்லை.

கடல்காரனைக் கரையில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று அந்தச் சில மாதங்களில் தெரிந்தது. மாயவன் வலை பின்னினான், பிறர் மரத்தை இழுத்துக் கரையேற்றினான், மரங்கள் கிளம்பும்போது வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். காத்தவராயன் நல்லவன். தம்பி வராவிட்டாலும் தினமும் தம்பி பங்கு மீனை எடுத்து வைத்தான். அவன் பெண்டாட்டி ரத்னாதான் அதைக் கொண்டுவந்து கொடுப்பாள். சும்மா வந்த மீன் மாயவனுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. ஒருநாள் தட்டோடு தூக்கி எறிந்தான். ஆதியம்மாள் மணலைக் கழுவிவிட்டு அதையே உப்புப் போட்டுக் காயவைத்து எங்கள் மண்டிக்குக் கொண்டுவந்தாள்.

அவள் வருவது இப்போது சத்தமே இல்லாமல் இருந்தது. பின்னால் வந்து நின்றால்கூடத் தெரியாது. நான் வளையல்காரனிடம் பச்சையில் ஒரு ஜோடி வாங்கி வைத்திருந்தேன். போட மாட்டேன் என்றாள். “தாலி இல்லாத கைக்கு வளையலு இன்னாத்துக்கு பாயம்மா? தளிரு வுடட்டும், போட்டுக்கறேன். உங்க அல்லாகிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வையி.” சொல்லி வைத்தேன். அவள் மணிக்கட்டில் கண்ணாடி குத்திய தழும்புகள் வெள்ளையாக ஆறிக்கொண்டிருந்தன.

ரெட்டத்தலச்சி இல்லாமல் குப்பத்துக்காரர்கள் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பனங்கழியை நட்டு உச்சியில் துணி கட்டிப் பார்த்தார்கள். வானம் தெளிவாக இருந்தால் தெரிந்தது. மழையிலும் பனியிலும் தெரியவில்லை. வானம் தெளிவாக இருந்தால் பாறையே தெரியுமே, கழி எதற்கு? தை மாதப் பனியில் ஒரு மரம் சந்துக்கு நேராக வராமல் பாறையில் ஏறிச் சிதறியது. இரண்டு பேர் கட்டையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள், ஒருவனுக்கு இடுப்பு போய்விட்டது. அவனைத் தூக்கி வந்தவர்களில் ஆதியம்மாளும் ஒருத்தி. அந்த வாரம் மண்டிக்கு வந்தபோது தளிரைப் பற்றி அவள் பேசவில்லை. அல்லாவிடம் சொன்னாயா என்றும் கேட்கவில்லை. நான் கவனித்தேன், ஆனால் காரணம் புரியவில்லை.

மாசி மாதம் அடிக்கட்டையில் தளிர் விட்டது. குப்பமே கூத்தாடியது. மாசி மகத்தன்று, சாமி கடலாட வரும் நாளில், தாலி கட்டிவிடலாம் என்று நாட்டார் நாள் குறித்தார். எங்களுக்கும் சொல்லியனுப்பினார்கள். வளையலை எடுத்துக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் போனோம். அடிக்கட்டைக்கு மஞ்சள் பூசி, தளிரைச் சுற்றிப் பூ வைத்திருந்தார்கள். முழங்கால் உயரம்கூட இல்லை, சிவப்பாக நாலு இலை. மாயவன் சவரம் பண்ணி, புது வேட்டி கட்டி, மாப்பிள்ளை மாதிரி நின்றான். பெரிய மரத்தையும் கழுவிக் கரையில் வைத்திருந்தார்கள். தாலி ஏறியதும் அண்ணனும் தம்பியும் கடலுக்குப் போவதாக ஏற்பாடு. அவன் கண் தாலியில் இல்லை, மரத்தின் மேலேயே இருந்தது.

ஆதியம்மாள் பழைய புடவையிலேயே வந்தாள். தாலித் தட்டை நாட்டார் நீட்டினபோது, அவள் தளிருக்கு முன்னால் உட்கார்ந்து அந்த இலையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

“நைனா, எனக்கு இப்ப வாணாம்.”

“இன்னா வாணாம்?”

“தாலி. இந்தத் தளிரு வளரட்டும். வளந்து, ரெண்டு தலையா விரிஞ்சி, கடல்ல இருந்து பாத்தாத் தெரியட்டும். அன்னிக்கிக் கட்டிக்கிறேன்.”

யாருக்கும் முதலில் ஒன்றும் புரியவில்லை. முதலில் புரிந்துகொண்டவன் மாயவன்.

“அடிப்பாவி. அதுக்குள்ள நான் கெழவனாப் பூடுவேன்மே.”

“ஆவு” என்றாள் ஆதியம்மாள். “கெழவனா ஆவு. அத்ததான் கேக்கறேன்.”

அவன் அடிக்கக் கை ஓங்கினான். காத்தவராயன்தான் பிடித்துக்கொண்டான். நாட்டார் திட்டினார், பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். ரத்னா அவள் தோளைப் பிடித்து உலுக்கி, “எல்லாரும் போறாங்கடி. என் புருசன் போவல? உன் புருசன் உயிரு மட்டும் வெல்லக்கட்டியா?” என்று கேட்டாள். பெரிய மரம் அன்றைக்கும் மாயவன் இல்லாமல்தான் போயிற்று.

திரும்பும் வழியில் நானும் அவளைத் திட்டினேன். எங்களோடு கால்வாய்வரை வந்தாள். ஊரும் புருஷனும் ஒரு பக்கம், நீ ஒரு பக்கமா, இப்படியும் ஒரு பிடிவாதமா என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் படகுத்துறையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “பாயம்மா, நான் அவன ஒரு வாட்டி செத்தவனாப் பாத்துட்டேன். இங்கேந்து வூடு வரிக்கும் அன்னிக்கி நடந்தேன் பாரு, அந்த வழிய இன்னொரு வாட்டி நடக்க என்னால ஆவாது. அவன் என்னத் திட்டட்டும். திட்டறதுக்கு உசுரோட இருக்கணும் இல்ல?”

வளையலை மடியிலேயே முடிந்து திரும்பக் கொண்டுவந்தேன்.

மாயவன் அதன் பிறகு அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். வலைக் கொட்டகையில் படுத்தான். சோறு வைத்தால் தின்பான், வைக்காவிட்டால் கேட்க மாட்டான். ஊர்ப் பெண்கள் அவளோடு கூடை தூக்க வர மறுத்தார்கள். கழுத்தில் தாலி இல்லை, வீட்டில் புருஷன் இருக்கிறான். அவளை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று தெரியாமல் கல்யாணத்துக்கும் கூப்பிடவில்லை, சாவுக்கும் கூப்பிடவில்லை. ரத்னா பங்கு மீனைக் கொண்டுவருவதை நிறுத்தினாள். காத்தவராயன் தானே கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவான். ஆதியம்மாள் தினமும் தளிருக்கு நல்ல தண்ணீர் ஊற்றினாள். ஆடு கடிக்காமல் முள் கட்டியவள் அவள்தான். சீக்கிரம் வளர வேண்டும் என்று வேண்டினாளா, மெதுவாக வளர வேண்டும் என்று வேண்டினாளா, அது அவளுக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

அடுத்த ஐப்பசியும் வந்தது. அந்த வருஷம் புயல் இல்லை. சும்மா மழை, எதிரே நிற்பவன் தெரியாத அடைமழை. ஆதியம்மாள் எங்கள் கொல்லையில் அதே அம்மிப் பக்கத்தில் உட்கார்ந்து மழை விடட்டும் என்று காத்திருந்தாள். தனகோடி வந்தான். போன தடவை நடந்ததற்குப் பிறகு அவளைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவன், அன்றைக்குக் கொல்லை வாசலில் நின்றுகொண்டு உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தான்.

“சொல்லு” என்றாள் ஆதியம்மாள்.

“பெரிய மரம் போச்சும்மா.”

“எந்த மரம்?” என்று கேட்டது நான்தான்.

“கட்டுமரம் பாயம்மா. இப்ப வேற எந்த மரம் கீது அந்த ஊர்ல? சந்து தெரியாம பாறையில ஏறிட்ச்சாம். கூடப் போன ரெண்டு பேரு நீந்தி வந்துட்டாங்களாம். காத்தவராயண்ணன் வரல.”

ஆதியம்மாள் தன் கைகளைப் பார்த்தாள். உடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. “மாமா” என்று காத்தவராயனை ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். அந்த நிமிஷம் அவள் முகத்தில் வந்த ஒன்றை நான் பார்த்தேன், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. மாயவன் கரையில் இருக்கிறான் என்ற நிம்மதி. அடுத்த நிமிஷமே அந்த நிம்மதிக்காக அவள் தன் முகத்தில் தானே அறைந்துகொண்டாள்.

மறுநாள் உடல் ஒதுங்கியது. என் வீட்டுக்காரரும் நானும் துக்கம் கேட்கப் போனோம். அடிக்கட்டைக்குப் பக்கத்தில்தான் கிடத்தியிருந்தார்கள். மாயவன் அண்ணன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தான். அழவில்லை. அந்த மரத்தில் நாலாவது ஆளாக நிற்க வேண்டியவன் அவன். தானும் இருந்திருந்தால் சந்துக்குள் நுழைந்திருப்போமா, இல்லை, தானும் இப்படிக் கிடந்திருப்போமா என்று அவன் மனசில் என்ன ஓடிற்றோ, யாரும் கேட்கவில்லை. ஆதியம்மாள் கூட்டத்துக்குப் பின்னால், கூப்பிடாத இடத்தில் நிற்கிறவள் மாதிரி, முள்வேலி ஓரமாக நின்றாள்.

எடுக்கிற நேரம் வந்தது. ரத்னாவின் கையைப் பிடித்து வளையலை உடைக்க வேண்டும். வயசான விதவைகள் இரண்டு பேர் எழுந்து கல்லோடு வந்தார்கள். ரத்னா கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“நீங்க வாணாம். ஆதியக் கூப்புடு.”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஏதோ சபிக்கப் போகிறாள் என்று நான் பயந்தேன். ஆதியம்மாளும் அப்படித்தான் நினைத்திருப்பாள், நகரவே இல்லை.

“வாடி” என்றாள் ரத்னா. “நீதான் முன்னாடியே இந்த வழியில போய்ட்டு வந்தவ. எனக்குத் தெரியல. நீ வந்து காட்டு.”

ஆதியம்மாள் வந்து அவள் முன்னால் மணலில் உட்கார்ந்தாள். மறைத்த கைகளை வெளியே எடுத்தாள். கிழவி நீட்டிய கல்லை வாங்கவில்லை. யாரையும் பார்க்காமல், “எண்ணெ” என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. உடைக்கிறதுக்கு எண்ணெய் எதற்கு என்று ஒரு கிழவி முணுமுணுத்தாள். மாயவன் எழுந்தான். வீட்டுக்குள் போய் ஒரு புட்டியோடு வந்தான். ரெட்டத்தலச்சி விழுவதற்கு முன் கடைசியாகப் பொறுக்கிய கொட்டையில் ஆட்டிய எண்ணெய், அடியில் கொஞ்சம் இருந்தது. மாசி மகத்துக்குப் பிறகு அவன் முதல் தடவையாகப் பெண்டாட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, அவள் உள்ளங்கையில் அதை ஊற்றினான்.

“ஒடைக்கணும்டி, அதான் மொற” என்றாள் கிழவி.

“நான் ஒடச்சேனே ஆயா. இன்னா ஆச்சி?” என்று ஆதியம்மாள் தன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். கிழவி கல்லை மணலில் போட்டாள்.

ரத்னாவின் கை முழுக்க எண்ணெயைத் தடவினாள். விரல்களைச் சேர்த்துக் குவித்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளையலாக, ஒரு கீறல் விழாமல் கழற்றினாள். கழற்றியதை எல்லாம் முள்வேலிக்குள்ளே, அந்தச் சின்னப் புன்னையின் காலடியில் வைத்தாள். அதுவரை மரக்கட்டையாக உட்கார்ந்திருந்த ரத்னா, கடைசி வளையல் வெளியே வந்ததும் ஆதியம்மாளின் வெறும் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.